டீசலில் கந்தகம்: சர்க்கார் விதித்த அளவும் நாம் அறிய வேண்டியனவும்

மாட்டுக்கு வைக்கோல் போடும் விவசாயி, அதைக் கையால் உதறி, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று மோந்து பார்த்த பின்னரே போடுகிறார். நூல் வாங்கும் நெசவாளர் சிட்டத்தைப் பிரித்து, இழையை இழுத்துப் பார்த்து, அதன் வலிமையை அறிந்துகொள்கிறார். ஆனால் ஜரிகை வாங்கும்போது மட்டும் அவருடைய கண்ணும் கையும் போதா. அதில் வெள்ளி எத்தனை பங்கு உள்ளது என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும். ஆகவேதான் ஜரிகைக்குத் தர நிர்ணயமும், அதைச் சோதிக்க ஓர் ஏற்பாடும் இன்றியமையாதனவாயின.

டீசல் எண்ணெயும் இவ்வகையில் ஜரிகையைப் போன்றதே. அதன் நிறத்தைக் காணலாம், மணத்தை அறியலாம், அடர்த்தியைக்கூட அளந்து பார்க்கலாம். ஆனால் அதனுள் கந்தகம் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதைக் கண்டறிய விவசாயியிடமோ, நெசவாளரிடமோ, லாரி ஓட்டுநரிடமோ கருவி ஏதும் இல்லை. வாங்குபவர் சோதித்தறிய இயலாத பொருளில் அவருக்குக் காவலாக நிற்கக்கூடியது சட்டம் ஒன்றே. அச்சட்டம் நம் நாட்டில் எவ்வாறு வந்தது, அதில் நம் வேலூர்ப் பகுதிக்கு என்ன பங்கு உண்டு, அதன் பயனை முழுமையாகப் பெற நாம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது டெல்லியில் உள்ளவர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஆர்க்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலை திமிரி வழியாகவே செல்கிறது. நெல்லும் வேர்க்கடலையும், நூல் மூட்டையும் துணிப் பொதியும், ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் போகும் தோலும் லாரிகளிலேயே போகின்றன. உழுவது டிராக்டர், அறுப்பது அறுவடை இயந்திரம், மின்சாரம் நின்றால் விசைத்தறியை ஓட்டுவது ஜெனரேட்டர். இவை யாவும் டீசலை உண்டு வாழ்பவை. இவை விடும் புகையைச் சுவாசித்து வாழ்பவர்கள் நாம்.

கந்தகம் செய்யும் தீங்கு

கந்தகம் இயல்பாகவே தீய பொருளன்று. வேர்க்கடலைக்கு மண் அணைக்கும் சமயத்தில் நாம் இடும் ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்தோடு கந்தகமும் இருக்கிறது. பருப்புத் திரட்சிக்கும் எண்ணெய்ச் சத்துக்கும் அது உதவுகிறது. பருத்தி நூலுக்குப் போடும் கறுப்புச் சாயங்களில் ஒன்று கந்தகச் சாயமே. தோல் பதனிடும் இடங்களில் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சேர்க்கப்படும் சோடியம் சல்பைடும் கந்தகம் கலந்ததே. உரிய இடத்தில் இருக்கும்வரை அது ஊழியன். இடம் மாறினால் பகைவன்.

பூமியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே கலந்துள்ளது. சுத்திகரிக்கும்போது அதை நீக்காவிடில், டீசலோடு சேர்ந்து எஞ்சினுக்குள் வந்துவிடுகிறது. அங்கே எரிந்து கந்தக டை ஆக்ஸைடு என்னும் காரமான வாயுவாகிறது. அதில் ஒரு பகுதி மேலும் மாறி, நீராவியோடு கூடிக் கந்தக அமிலமாகிறது. இதன் விளைவை நெசவாளர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கந்தகக் கறுப்பு தோய்த்த நூலைச் சரியாக அலசாமல் நெடுநாள் வைத்திருந்தால், அது உள்ளுக்குள்ளேயே அமிலம் சுரந்து, இழை நைந்து, தொட்டால் அறும். எஞ்சினுக்குள்ளும் நிகழ்வது அதுவே. பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் அரிக்கப்படுகின்றன. அமிலத்தை முறிப்பதற்காக எஞ்சின் ஆயிலில் சேர்க்கப்பட்டுள்ள மருந்து விரைவில் தீர்ந்து, ஆயிலை அடிக்கடி மாற்ற நேரிடுகிறது.

எஞ்சினுக்கு வெளியே நேரும் தீங்கு இதனினும் பெரிது. கந்தகம் மிக நுண்ணிய துகள்களாகிப் புகையில் மிதக்கிறது. இத்தகைய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழத்திற்கே சென்றுவிடும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012 ஜூன் மாதத்தில் அறிவித்தது.

இவற்றோடு மூன்றாவது தீங்கும் ஒன்று உண்டு. புகையைச் சுத்தப்படுத்துவதற்காகப் புதிய வண்டிகளின் புகைக்குழாயில் வடிகட்டியும் வினையூக்கியும் பொருத்தப்படுகின்றன. கந்தகம் மிகுந்த டீசலை ஊற்றினால் இவை கெட்டுப்போகும். ஆகவே எண்ணெய் சுத்தமாகாமல் வண்டி சுத்தமாக இயலாது. எண்ணெய் முதலில், எஞ்சின் பின்னர் என்பதே முறை.

எட்டுக் கிலோவிலிருந்து ஒரு பவுனுக்கு

நம் நாட்டில் டீசலில் நூற்றுக்கு 1 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. நூற்றுக்கு ஒன்று என்பது காதுக்குச் சிறிதாக ஒலிக்கும். கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு விவசாயியின் டிராக்டர் ஆண்டொன்றுக்கு 1,000 லிட்டர் டீசல் செலவழிப்பதாகக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 830 கிலோ. பழைய விதிப்படி அதில் 8 கிலோவுக்கு மேல் கந்தகம் இருக்கலாம். அது எரிந்தால் வெளிப்படும் கந்தக டை ஆக்ஸைடு இரு மடங்கு எடை, அதாவது 16 கிலோவுக்கு மேல். ஒரே டிராக்டர் ஒரே ஆண்டில் விடுவது இவ்வளவு!

1996 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கும் தாஜ்மகால் சுற்றுப்புறத்திற்கும் இந்த அளவு நூற்றுக்கு அரைப் பங்காகக் குறைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் நூற்றுக்குக் கால் பங்கு என்றாயிற்று. அப்போது நம் டிராக்டரின் பங்கு 2 கிலோ. அதன்பின் வந்த அளவுகள் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடப்படுபவை. 2005-இல் நாடு முழுவதற்கும் 500 பங்கு. 2010-இல் 350 பங்கு. 2017 ஏப்ரல் 1 முதல் 50 பங்கு. 2020 ஏப்ரல் 1 முதல் 10 பங்கு. ‘பாரத் ஸ்டேஜ்’ என்றும் ‘பி.எஸ்.’ என்றும் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது நாம் கேள்விப்படும் எண்கள் இந்தப் படிகளையே குறிக்கின்றன. இறுதியில் சொன்ன 10 பங்கு பி.எஸ். 6 ஆகும். நான்காம் படியிலிருந்து ஐந்தை விட்டு நேரே ஆறுக்குத் தாவுவதென்று மத்திய சர்க்கார் 2016 ஜனவரியில் முடிவு செய்தது.

இந்த விதிப்படி, அதே 1,000 லிட்டரில் இருக்கக்கூடிய கந்தகம் 8 கிராமுக்குச் சற்றே அதிகம். அதாவது ஏறத்தாழ ஒரு பவுன் எடை. எட்டுக் கிலோ எங்கே, எட்டுக் கிராம் எங்கே! ஆயிரத்தில் ஒன்றாக அது சுருங்கிவிட்டது.

இந்த முயற்சியில் நாம் முதல்வர்கள் அல்லர். ஸ்வீடன் 1991-லேயே 10 பங்கு அளவுள்ள டீசலுக்கு வரிச் சலுகை அளித்து வழிகாட்டியது. அமெரிக்கா 2006-இல் 15 பங்குக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் 10 பங்குக்கும் வந்தன. ஆயினும் நான்கிலிருந்து ஆறுக்கு மூன்றே ஆண்டுகளில் ஏறியது சிறு காரியமன்று.

கந்தகத்தை எவ்வாறு நீக்குகிறார்கள்?

வடிகட்டியோ, தெளிய வைத்தோ கந்தகத்தை நீக்க இயலாது; அது எண்ணெயின் அணுக்கூட்டத்தோடு பிணைந்திருக்கிறது. டீசலை 300 டிகிரிக்கு மேல் காய்ச்சி, மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்து, கோபால்ட், மாலிப்டினம் முதலிய உலோகங்கள் கொண்ட வினையூக்கியின் ஊடே செலுத்துகிறார்கள். கந்தகம் எண்ணெயை விட்டு ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாக வெளியேறுகிறது. அந்த வாயுவிலிருந்து மஞ்சள் நிறக் கந்தகம் திடப்பொருளாகப் பிரித்தெடுக்கப்பட்டு, உரத்திற்கும் அமிலத் தயாரிப்பிற்கும் விற்கப்படுகிறது. எஞ்சினில் பகைவனாக இருந்தது, வெளியே வந்ததும் மீண்டும் ஊழியனாகிவிடுகிறது.

1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை உட்பட நாட்டின் ஆலைகள் யாவும் இதற்கெனப் புதிய பிரிவுகளை அமைக்க வேண்டியதாயிற்று. ஆறாம் படிக்கு மட்டும் ஆன செலவு ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. செலவு பெரிதுதான். ஆனால் சில ஆலைகளில் ஒருமுறை செய்யும் செலவு, கோடிக்கணக்கான எஞ்சின்களிலும் நுரையீரல்களிலும் ஆண்டுதோறும் நேரும் சேதத்தைத் தடுக்கிறது. நோய் ஊற்றுக்கண்ணில் இருக்கும்போது, வாய்க்கால் தோறும் மருந்து இடுவது புத்திசாலித்தனமாகாது.

பாலாற்றங்கரையில் பிறந்த நியாயம்

இந்தச் சட்டங்கள் தாமாக வந்துவிடவில்லை. டெல்லியின் வாகனப் புகையைக் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கு, பல ஆண்டுகள் நடந்து, பல உத்தரவுகளுக்குக் காரணமாயிற்று. அந்த வழக்குக்கும் நம் பகுதிக்கும் உள்ள உறவைப் பலர் அறியார்.

தோல் பதனிடும் தொழில் நம் பகுதியில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். அதனை யாரும் இகழ்ந்துரைக்க வேண்டியதில்லை. எனினும் அதன் கழிவுநீர் சுத்தி செய்யப்படாமல் பாலாற்றிலும் வயல்களிலும் விடப்பட்டதால் நேர்ந்தவற்றையும் நாம் அறிவோம். கிணறுகள் உவர்ந்தன; வயல்கள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு இதற்காக 1991-இல் சுப்ரீம் கோர்ட்டை அணுகியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வுக் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது.

அந்தத் தீர்ப்பு இரண்டு கொள்கைகளை நாட்டின் சட்டத்தில் நிலைநாட்டியது. முதலாவது, முன்னெச்சரிக்கைக் கொள்கை. தீங்கு நேரும் என்பது விஞ்ஞானத்தால் ஐயமற நிரூபிக்கப்படும் வரை கைகட்டிக் காத்திராமல், முன்னதாகவே தடுக்க வேண்டும். தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலை நடத்துபவரையே சாரும். இரண்டாவது, மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2002 ஏப்ரல் 5-ஆம் தேதி, டெல்லி வாகனப் புகை வழக்கில் உத்தரவு பிறப்பித்தபோது, சுப்ரீம் கோர்ட்டு வேலூர்த் தீர்ப்பில் விளக்கப்பட்ட முன்னெச்சரிக்கைக் கொள்கையையே எடுத்துக்காட்டியது. 2018 அக்டோபர் 24-ஆம் தேதி, ஆறாம் படிக்கு உட்படாத புதிய வண்டிகளை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாதென்று உத்தரவானதும் அந்த எம்.சி. மேத்தா வழக்கிலேயே. நம் கிணற்று நீர் கெட்டதால் பிறந்த நியாயம், டெல்லிக் குழந்தைகளின் மூச்சைக் காக்கப் பயன்பட்டது. நம் நிலத்திற்கு அது காலங்கடந்தே வந்தது என்பதும் உண்மை. தீங்கு நேர்ந்தபின் ஆற்றைத் திருத்துவது எத்துணைக் கடினம் என்பதைப் பாலாற்றங்கரை விவசாயியைவிட அறிந்தவர் எவர்?

நகரத்திற்கு முன்பு, கிராமத்திற்குப் பின்பு

சர்க்கார் விதித்த அளவைப் பாராட்டும் அதே வேளையில், அது வந்த விதத்தில் இருந்த குறையையும் கூறியாக வேண்டும். ஒவ்வொரு படியும் முதலில் பெருநகரங்களுக்கே வந்தது. 2010-இல் 50 பங்கு அளவுள்ள சுத்தமான டீசல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு அளிக்கப்பட்டது. பிற பகுதிகளுக்குச் சிறிது சிறிதாக விரிந்து, நாடு முழுவதற்கும் அது வந்து சேர 2017 வரை ஆயிற்று. நகரத்தில் வாகன நெருக்கடி மிகுதி, ஆகவே அங்கே முதலில் வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் உண்மையே. ஆனால் டிராக்டரின் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரும், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்த சுவரில் தறி ஓட்டுபவரும் நகரவாசிகள் அல்லர். அவர்களுடைய நுரையீரலும் அதே தசையால் ஆனதுதான்.

இந்த இரட்டை ஏற்பாடு தொழில் முறையிலும் பயன் தரவில்லை. லாரி ஒரே நகரத்துக்குள் சுற்றுவதன்று. சென்னையில் சுத்தமான டீசல் போட்டுக்கொண்ட வண்டி, வேறு மாவட்டத்தில் கந்தகம் மிகுந்த டீசலைப் போட வேண்டியிருந்தது. அதனால் வடிகட்டி பொருத்திய புதிய லாரிகளை நாடெங்கும் ஓட்ட இயலாமற் போயிற்று. நகரத்திற்குள் வந்து புகை கக்கியதும் வெளியூரிலிருந்து வந்த லாரிகளே. ஆக, கிராமத்திற்கு மறுத்த சுத்தம் நகரத்திற்கும் முழுமையாகக் கிட்டவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே தரம் என்று ஆன பின்னரே சட்டம் தன் வேலையைச் செய்யத் தொடங்கிற்று.

இன்னமும் ஒரு வேற்றுமை எஞ்சி நிற்கிறது. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு உள்ள கண்டிப்பு வயலில் ஓடும் டிராக்டர்களுக்கு அதே வேகத்தில் வரவில்லை. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கே 2023 ஜனவரியில் அடுத்த படி நடைமுறைக்கு வந்தது. நம் விவசாயிகளிடம் உள்ளவற்றில் பெரும்பாலானவை அதற்குட்பட்டவை. சிறு விவசாயியின் மீது விலைச் சுமை ஏறக்கூடாது என்னும் எண்ணம் இதில் உண்டு, அது நியாயமே. ஆனால் மலிவான எஞ்சினின் விலையை வேறு வகையில், இருமலாகவும் இளைப்பாகவும், அவரே கட்ட நேரக்கூடாது. சுத்தமான எஞ்சினைச் சிறு விவசாயி வாங்க மானியமும் கூட்டுறவுக் கடனும் கிடைக்கச் செய்வதே இதற்குச் சரியான வழியாகும்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை

சட்டம் ஆலையிலிருந்து பம்பு வரை நம்மைக் காக்கும். பம்பிலிருந்து எஞ்சின் வரை நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, பழைய டிராக்டருக்கோ பம்புசெட்டுக்கோ புதிய டீசல் ஆகாது என்னும் பேச்சை நம்ப வேண்டாம். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்புத் தன்மை குறைவது உண்மையே. அதற்கு ஈடாக உரிய மருந்து சேர்க்கப்பட்டே டீசல் விற்பனைக்கு வருகிறது. வழுவழுப்புக்கும் இந்தியத் தர நிர்ணயத்தில் அளவு உண்டு.

இரண்டாவதாக, மண்ணெண்ணெயையோ வேறு கழிவு எண்ணெயையோ டீசலில் கலக்கலாகாது. கலந்தால் வழுவழுப்புக் குறைந்து, எரிபொருள் பம்பும் இஞ்செக்டரும் தேய்ந்துவிடும். நீக்கிய கந்தகமும் திரும்ப வந்து சேரும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பல்லாயிரம் ரூபாய்க்கு இஞ்செக்டர் மாற்றுவது லாபமாகாது.

மூன்றாவதாக, டீசலை வீட்டில் நெடுநாள் சேமிக்கலாகாது. அவசியத்திற்கு வைப்பதானால் சுத்தமான, நீர் புகாத, மூடிய பாத்திரத்தில், வெயிலும் நெருப்பும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். ரசாயனமோ சாயமோ இருந்த கேனில் ஒருபோதும் வாங்கலாகாது.

நான்காவதாக, பி.எஸ். 6 லாரிகள் பலவற்றில் டீசல் தொட்டிக்கு அருகே யூரியாக் கரைசலுக்கென்று தனித் தொட்டி உண்டு. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளை முறிப்பதற்காக, நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா கலந்த கரைசல் அதில் ஊற்றப்படுகிறது. வயலுக்கு வாங்கிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பெருந்தவறு. நாம் வாங்கும் உரம் வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அது கருவியை அடைத்துக் கெடுக்கும். மானிய உரத்தை வேறு காரியத்திற்குத் திருப்புவது குற்றமுமாகும்.

ஐந்தாவதாக, பம்பில் நமக்குள்ள உரிமைகளை அறிந்திருக்க வேண்டும். அளவில் ஐயம் எழுந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம். கலப்படம் என்று ஐயுற்றால், அடர்த்தியை அளந்து, பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டும்படி கேட்கலாம். ரசீது கேட்டு வாங்கலாம். கலப்படம் செய்வது 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட 2005-ஆம் ஆண்டு ஆணைப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அடர்த்திச் சோதனை கந்தகத்தைக் காட்டாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்கு மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவதே வழி. தனியொருவர் கேட்டால் தட்டிக்கழிக்கப்படும் இக்காரியத்தைச் சங்கத்தின் வாயிலாக எழுத்து மூலம் கேட்டால் அலட்சியப்படுத்த இயலாது.

கூட்டுறவின் தத்துவமும் இதுவே. ஒருவரால் சோதித்தறிய இயலாததைப் பலர் கூடிச் சோதிக்கலாம். ஒருவரால் கேட்டுப் பெற இயலாததைப் பலர் கூடிப் பெறலாம். எட்டுக் கிலோ எட்டுக் கிராமாகக் குறைந்தது, யாரோ சிலர் சலியாமல் கேட்டதன் பலன். அவ்வாறு கேட்டவர்களுள் நம் பாலாற்றங்கரை மக்களும் உண்டு என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். பெற்றதைக் கலப்படத்தாலும் அலட்சியத்தாலும் இழந்துவிடாமல் காப்பதும், வயலில் ஓடும் எஞ்சினுக்கும் அதே நியாயத்தைக் கேட்பதும் இனி நம் கடமையாகும்.